தாத்தாவும் பேரனும் பார்க்கும் வாள்சண்டைப் படங்களை நிறுத்திவிடலாமா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு நகரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். கணவர் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரியை ஓட்டுகிறார். இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் பயிலும் 13 வயது மகன், தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு பயிலும் மகள், தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற 74 வயது மாமனார் ஆகியோர் உடன் இருக்கின்றனர். தாய் இரவு ஷிப்டுக்குப் போகும் சனிக்கிழமைகளில், தாத்தாவும் பேரனும் சேர்ந்து வாள்சண்டைப் படம் பார்ப்பது ஓராண்டுக்கும் மேலாக நடந்து வருகிறது. மாமனாருக்குப் பிடித்த எம்.ஜி.ஆர். படங்களில் தொடங்கியது, இப்போது எகிப்து, ரோமாபுரி, கிரேக்கம் என்று ஊர் மாறி, திறந்த மார்பும் தோல் செருப்புமாக ஒரு வீரன் சிரித்துக்கொண்டே நாற்பது பேரைச் சாய்க்கும் ஆங்கிலப் படங்களில் வந்து நிற்கிறது.

வாசலில் துடைப்பக் கட்டையை வாளாக்கி விளையாடியபோது, மகன் வீசிய வீச்சில் 10 வயது அத்தை மகனுக்குப் புருவத்தின் மேல் கிழிந்து, நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. அன்றிரவு மகன் சாப்பிடாமல் அழுதுகொண்டே படுத்துவிட்டதாக ஒரே வரியில் குறிப்பிடுகிறார். பள்ளியில் நீண்ட மர அடிக்கோலை வைத்துச் சண்டையிட்டதற்காகக் கட்டொழுங்கு ஆசிரியர் அழைத்துப் பேசியிருக்கிறார். வரலாற்றுச் சோதனையில், அக்காடியர்கள் கூலிக்குக் கொலை செய்யும் இனத்தவர் என்று படத்தில் பார்த்ததை எழுதி, மகன் மதிப்பெண்ணை இழந்திருக்கிறான். கண்ணாடி முன் நின்று கைகளை அளந்து பார்க்கிறான்; புரதப் பொடி வாங்கித் தரச் சொல்கிறான். மகளோ, “அந்த அக்கா ஏன் எப்பப் பார்த்தாலும் யாராவது வந்து காப்பாத்தட்டும்னு நிக்கிறாங்க?” என்று கேட்டிருக்கிறாள். கணவரிடம் சொன்னால், “படம்தானே, விடு” என்கிறார். மாமனாரிடம் சொல்லத் தயக்கம். படச் சேவையின் சந்தாவை நிறுத்திவிடலாமா, இந்தப் படங்கள் மகனை முரடனாக்கிவிடுமா, மாமனாரின் மனம் நோகாமல் இதை எப்படி நிறுத்துவது என்று அவர் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தத் தையலைப் பற்றிப் பேசிவிடுகிறேன். கட்டை இன்னும் சற்றுக் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். ஆகவே கம்பு, கட்டை, அடிக்கோல், துணி மாட்டும் கம்பி என எதையும் இன்னொருவரை நோக்கி ஓங்கக்கூடாது என்ற விதியை இன்றே வையுங்கள்; அதில் பேரத்துக்கோ விவாதத்துக்கோ இடம் வேண்டாம். படங்களைப் பற்றிய முடிவை நீங்கள் எப்போது எடுத்தாலும், எப்படி எடுத்தாலும், இந்த விதி அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

அடுத்து, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு எனக்குத் தோன்றிய ஒன்றைச் சொல்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். படங்களைப் பற்றி இரண்டு பக்கங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட முழுமையாக உட்கார்ந்து பார்த்ததாக எங்கும் சொல்லவில்லை. ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் கண்ணில் பட்ட காட்சிகளையும், மகன் செய்துகாட்டும் வீச்சுகளையும் வைத்தே முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் வேலை நேரத்தை நான் குறை கூறவில்லை. எதைத் தடுக்கிறோம் என்று தெரியாமல் தடுத்தால், அந்தத் தடை 13 வயதுப் பையனிடம் ஒரு வாரம்கூட நிற்காது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்தப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

எனக்கு இந்த வகைப் படங்கள் பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. அவை பெரும்பாலும் நல்ல படங்கள் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். இத்தாலியில் 1958இல் ஸ்டீவ் ரீவ்ஸ் என்ற உடற்கட்டு வீரரை ஹெர்குலிஸாக நடிக்கவைத்து எடுத்த படம் பெரும் வெற்றி பெற்றது. அதைத் தொடர்ந்து 1960களின் நடுப்பகுதி வரை அங்கே இதே பாணியில் படங்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. செலவு குறைவு, கதை எளிது, கதாநாயகனின் தோள் அகலம் என்று அவற்றை மூன்றே சொற்றொடரில் விளக்கிவிடலாம். அதே 1958இல்தான் தமிழில் ‘நாடோடி மன்னன்’, ‘உத்தம புத்திரன்’, ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ ஆகிய மூன்றும் வெளிவந்தன. ஒன்றையொன்று அறியாத இரண்டு திரையுலகங்கள் ஒரே ஆண்டில் வாளைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்க்கும்போது, இந்த ஆசை உங்கள் வீட்டுக் கூடத்தில் பிறந்ததன்று என்பது புரியும்.

உங்கள் மாமனாருக்கு 74 வயது என்றால், ‘ஆயிரத்தில் ஒருவன்’ வெளிவந்த 1965இல் அவர் பதின்ம வயதுப் பையன். அந்தப் படத்தில் கதாநாயகன் ஒரு வைத்தியன். கலகக்காரர்களுக்கு உதவினான் என்ற குற்றச்சாட்டில் கைதாகி, கடல் கடந்து ஒரு தீவில் அடிமையாக விற்கப்பட்டு, பிறகு அடிமைகளைத் திரட்டி எழுகிறான். கப்பலேறி வந்து, லயத்தில் குடியேறி, கங்காணிக்கும் துரைக்கும் நடுவில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டி அந்த மாதிரிப் படங்களைப் பார்த்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். மேல்தட்டில் நிற்பவனைப் பார்த்து நிமிர்ந்து கேள்வி கேட்கும் ஒருவன் திரையில் வந்தால், அவன் கையில் இருப்பது மரவாளா இரும்புவாளா என்று யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். மாமனார் பேரனுக்குக் காட்டுவது சண்டையை மட்டும்தான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவரிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தால் வேறு விவரங்களும் வரக்கூடும்.

மகனுக்குப் பிடிப்பதற்குக் காரணம் வேறு. முதலாம் படிவம் என்பது கடினமான ஆண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டில் எல்லாருக்கும் மூத்தவனாக இருந்தவன், திடீரென்று பெரிய பள்ளியில், மொழி மாறிய வகுப்பறையில், எல்லாருக்கும் இளையவனாகிவிடுகிறான். சொந்த உடம்பே சொல்பேச்சுக் கேட்காத வயது அது. அப்படிப்பட்டவனுக்கு ‘தி ஸ்கோர்பியன் கிங்’ (தேள் மன்னன்) போன்ற ஒரு படம் என்ன தருகிறது என்று பாருங்கள். டுவெயின் ஜான்சன் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்து 2002இல் வெளிவந்த அந்தப் படத்தில், வீரனைக் கழுத்துவரை பாலைவன மணலில் புதைத்துவிட்டுக் கொடிய எறும்புகளுக்கு இரையாக விட்டுப் போகிறார்கள். பக்கத்தில் அதே கதியில் ஒரு குதிரைத் திருடன். பார்ப்பவன் பயப்பட வேண்டிய இடத்தில் அந்த இருவருக்குள் நடக்கும் பேச்சு சிரிப்பை வரவழைக்கிறது. எவ்வளவு மோசமான நிலையிலும் கேலி பேச முடியும், தப்பிக்க முடியும், தீயவன் யார் என்பதில் குழப்பமே இல்லை என்று அது சொல்கிறது. வாரம் முழுக்கத் தடுமாறும் ஒரு பையனுக்கு அது ஒன்றரை மணிநேர ஓய்வு. இந்த இலகுத்தன்மைதான் இந்தப் படங்களின் உண்மையான பலம். அவற்றின் குறைகள் பலவும் அதே இடத்திலிருந்துதான் வருகின்றன.

முரடனாகிவிடுவானா?

படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் செய்துகாட்டுவார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆல்பர்ட் பாண்டுரா 1961இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 3 முதல் 6 வயதுவரையான 72 பிள்ளைகளை வைத்து நடத்திய புகழ்பெற்ற ஆய்வில், ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகளும் அதைப் போலவே அடித்தார்கள். 1963இல் நேரில் காட்டாமல் படமாகக் காட்டியபோதும் அதுவே நடந்தது. உங்கள் அச்சத்துக்கு ஆதாரமாக இந்த ஆய்வையே பலர் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் 1965இல் அவர் செய்த தொடர் ஆய்வை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அடித்தவர் அதற்காகத் தண்டிக்கப்படுவதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். செய்கையை அவர்களும் கற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். அதைச் செய்வதும் செய்யாமல் இருப்பதும், அடித்தவனுக்கு என்ன ஆனது என்று அவர்கள் பார்த்ததைப் பொறுத்திருந்தது.

உங்கள் மகன் பார்க்கும் படங்களின் குறை இங்கேதான் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஜார்ஜ் கெர்ப்னர், வேகமாக, அழகாக, வலியில்லாமல் நடந்து, இன்பமான முடிவுக்குக் கொண்டுசேர்க்கும் இத்தகைய காட்சிகளை ‘மகிழ்ச்சியான வன்முறை’ என்றார். இரத்தம் தெறிக்கும் படத்தைப் பார்த்தால் பிள்ளை முகத்தைச் சுளிப்பான். இந்தப் படங்களில் சுளிப்பதற்கே எதுவும் இல்லை. வெட்டுப்பட்டவன் ‘ஆ’ என்று விழுந்து திரைக்கு வெளியே உருண்டுவிடுகிறான். அவனுக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை, காயத்துக்குக் கட்டுப்போட ஆள் இல்லை. இரத்தம் குறைவாக இருப்பதால் பிள்ளைக்கு ஏற்றது என்று நாம் நினைப்பது பாதிதான் சரி.

இதற்கு நேர்மாறான ஒன்று உங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது. அத்தை மகனுக்கு இரத்தம் வந்த இரவில் உங்கள் மகன் சாப்பிடாமல் அழுதான். முரட்டுத்தனத்தில் போய்க்கொண்டிருக்கும் பையன் அப்படிச் செய்வதில்லை. அவன் பொய் சொல்வான், பழியை அடிபட்டவன்மேல் போடுவான், அல்லது மறுநாளே மறந்துவிடுவான். நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன அந்தச் செய்திதான் என்னைப் பொறுத்தவரை உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில். தன் கையால் ஒருவனுக்கு வலித்தது என்பதை அவன் உணர்கிறான். அந்த உணர்வைப் பற்றி அவனிடம் யாராவது பேசினார்களா, அல்லது திட்டுடன் முடிந்துவிட்டதா என்பதைத்தான் நான் அறிய விரும்புகிறேன். அவனை அத்தை வீட்டுக்கு அழைத்துப் போங்கள். தையல் பிரித்த இடத்தை அவன் பார்க்கட்டும், தன் வாயால் மன்னிப்புக் கேட்கட்டும்.

சண்டைக் காட்சி எப்படி எடுக்கப்படுகிறது என்பதையும் அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். பையன்கள் இதைக் கேட்கக் காது நீட்டுவார்கள். இரண்டு நடிகர்களும் ஒவ்வோர் அடியையும் எண்ணிக்கை வைத்து ஒத்திகை பார்த்திருப்பார்கள். வாள் எதிராளியின் உடலை நோக்கிப் போகாது. அவருடைய வாள் வந்து நிற்கப்போகும் இடத்தை நோக்கித்தான் போகும். வெட்டு விழும் நொடியில் கேமரா கோணம் மாறும். உலோகம் மோதும் ஓசை பிறகு சேர்க்கப்படும். அடுத்த சனிக்கிழமை ஒரு சண்டையை ஒலியில்லாமல் ஓடவிட்டு, எந்த அடி உண்மையிலேயே உடலில் படும் தூரத்தில் விழுகிறது என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள். 1963இல் வந்த ‘ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்’ படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் வீரர்களுடன் சண்டையிடும் சில நிமிடக் காட்சி ஒன்று உண்டு. ரே ஹாரிஹவ்சன் பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடித்து அதை முடிக்க நாலரை மாதங்கள் ஆயின. அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவனுடைய வியப்பு வெட்டுவதிலிருந்து வேலைப்பாட்டுக்கு மாறிவிடும்.

கம்பு சுழற்ற வேண்டும் என்ற ஆசை அதற்குப் பிறகும் தணியாவிட்டால், சிலம்ப வகுப்பில் சேர்த்துவிடுங்கள். ஆசான் முன்னிலையில் கற்கும்போது எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதைத்தான் முதலில் பழகுவான்.

அந்த வரலாற்றுச் சோதனைத்தாள்

இதற்காக உங்களுக்குக் கோபம் வந்தது நியாயம். எனக்கோ அதில் ஒரு வாய்ப்பு தெரிகிறது. முதலாம் படிவ வரலாற்றில் மெசபொத்தேமியா, எகிப்து, கிரேக்கம், ரோம் எல்லாம் பாடமாகவே வருகின்றன, இடைநிலைப்பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் வரலாற்றில் தேர்ச்சி பெறுவது 2013 முதல் கட்டாயம். மற்ற பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பெயர்களில் உங்கள் மகனுக்கு ஏற்கெனவே ஆர்வம் இருக்கிறது. ஆர்வம் தவறான தகவலோடு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவனுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: ‘தி ஸ்கோர்பியன் கிங்’ படம் பெயர்களைக் கடன் வாங்கிக்கொண்டு, மற்றதையெல்லாம் இட்டுக்கட்டியது. அக்காடியர்கள் கூலிப்படையினர் அல்லர், கி.மு. 24ஆம் நூற்றாண்டில் சார்கோன் மன்னன் நிறுவிய பேரரசின் மக்கள். அவன் பாடநூலில் படிக்கும் ஹம்முராபியின் சட்டத்தொகுப்பு பொறிக்கப்பட்டிருப்பது அக்காடிய மொழியில்தான். படத்தின் கதை ஏறக்குறைய 5000 ஆண்டுகளுக்கு முன் நடப்பதாகச் சொல்லப்படுகிறது. அக்காடியப் பேரரசு எழுந்ததோ அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தி. அதில் வெடிமருந்து வருகிறது; அது சீனாவில் கண்டறியப்பட்டது கி.பி. 9ஆம் நூற்றாண்டையொட்டி. கதாநாயகன் ஒட்டகத்தில் ஏறி வருகிறான்; அரபுநாட்டு ஒட்டகத்தை மனிதர் பழக்கி வளர்க்கத் தொடங்கியே சுமார் 3000 ஆண்டுகள்தாம் ஆகின்றன.

தேள் என்ற பெயருடைய மன்னன் எகிப்தில் உண்மையிலேயே இருந்திருக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஒரு சுண்ணாம்புக்கல் கதாயுதத் தலை, இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வெள்ளை மகுடம் அணிந்து நிற்கும் மன்னனின் முகத்தருகே ஒரு தேள் செதுக்கப்பட்டிருக்கிறது. அவன் கையில் இருப்பது மண்வெட்டி. எதிரே ஒருவன் கூடையை ஏந்திக் குனிந்து நிற்கிறான். பாசன வாய்க்காலைத் திறந்துவைக்கும் சடங்காக இருக்கலாம் என்பது அறிஞர்கள் சிலரின் விளக்கம். வாழ்நாளெல்லாம் மண்ணோடு உழைத்த தாத்தாவிடம் இந்தக் கதாயுதத்தின் படத்தைக் கைப்பேசியில் காட்டும்படி மகனிடம் சொல்லுங்கள். இருவருக்கும் அரைமணி நேரத்துக்குப் பேச்சு கிடைக்கும்.

நீங்கள் இருக்கும் வட்டாரத்துக்கு இன்னொரு வசதி உண்டு. மெர்போக்கில், ஜெராய் மலையடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகமும், மீட்டெடுத்துக் கட்டப்பட்ட புக்கிட் பத்து பகாட் கோயில் அடித்தளமும் இருக்கின்றன. பீடோங் பக்கம் சுங்கை பத்துவில் பழங்கால இரும்பு உருக்கு உலைகளின் எச்சங்களை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். வாள் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பையனை, இரும்பு உருக்கிய இடத்துக்கே பள்ளி விடுமுறையில் அழைத்துப் போகலாம். 1025இல் இராசேந்திர சோழன் படையெடுத்த கடாரமும் இந்த மண்தான் என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். சொல்லட்டும். ஆனால் நம்முடைய மன்னர் படங்களும் வரலாற்றுக்கு உண்மையாக நடந்துகொள்வதில்லை என்பதை யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும். ஆங்கிலப் படத்தில் கிழக்கு என்றால் மணலும் கொடுங்கோலனும் ஆடும் பெண்களும்தான். நம் பழைய படங்களில் தீவு என்றால் முகத்தில் கரிபூசிய கூட்டம் ஒன்று ஈட்டியோடு குதிக்கும். இரண்டும் ஒரே சோம்பேறித்தனம்.

கைகளை அளப்பதும், மகளின் கேள்வியும்

வாள்வீச்சைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அந்தக் கண்ணாடிதான். அடிக்கோல் சண்டை ஒரு பருவத்தோடு போய்விடும். தன் உடம்பின்மேல் வரும் வெறுப்பு அவ்வளவு எளிதில் போகாது. ஸ்டீவ் ரீவ்ஸ் 1950இல் ‘மிஸ்டர் யுனிவர்ஸ்’ பட்டம் வென்றவர். டுவெயின் ஜான்சன் தொழில்முறை மல்யுத்த வீரராக இருந்து, 30 வயதை எட்டும் காலத்தில் ‘தி ஸ்கோர்பியன் கிங்’ படத்தில் நடித்தார். அவர்களுடைய தொழிலே அந்த உடம்புதான். எண்ணெய்ப் பூச்சும் ஒளியமைப்பும் சேர்ந்தே அது திரையில் அப்படித் தெரிகிறது. உண்மையான ரோமானிய வாள்வீரர்களைப் பற்றிப் பழைய நூல்கள் தரும் செய்தி வேறு. அவர்கள் பெரும்பாலும் பார்லியும் அவரை வகைப் பயறுகளும் உண்டதால் ‘பார்லி தின்னிகள்’ என்று அழைக்கப்பட்டார்கள். அந்த உணவால் உடம்பு கொழகொழவென்று ஆகிறது என்று அவர்களுக்கு வைத்தியம் பார்த்த கேலன் குறைப்பட்டிருக்கிறார். வயிற்றில் ஆறு கட்டங்கள் எடுத்த வீரன் சினிமாவின் கண்டுபிடிப்பு.

புரதப் பொடி வேண்டாம். வளரும் வயதில் முட்டை, மீன், பருப்பு, தெம்பே ஆகியவை தரும் புரதம் போதும். இணையத்தில் பெயர் தெரியாத டப்பாவை அவன் நண்பர்கள்மூலம் வாங்கிவிடுவான் என்ற அச்சம் இருந்தால், அரசாங்க சுகாதார கிளினிக்குக்கு ஒருமுறை அழைத்துச் சென்று மருத்துவரின் வாயாலேயே கேட்கவையுங்கள். தாய் சொன்னால் தடை. மருத்துவர் சொன்னால் தகவல். இந்த வயதில் அந்த வேறுபாடு பெரியது.

மகளின் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியவில்லை என்கிறீர்கள். பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேள்வியைக் கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் கேட்கவிடுங்கள், தாத்தாவும் அண்ணனும் திணறட்டும். பெண்ணைப் பரிசுப்பொருளாக வைப்பது இந்த வகைப் படங்களின் பழைய நோய். விதிவிலக்குகளும் உண்டு. 1969இல் வந்த ‘அடிமைப் பெண்’ படத்தில், சிறைக்குள் விலங்கைப்போல் கூனி வளர்ந்த கதாநாயகனுக்குப் பேசவும் நிமிர்ந்து நிற்கவும் கற்றுக்கொடுப்பவள் கதாநாயகிதான். மாமனாரிடம் அந்தப் படம் நிச்சயம் இருக்கும். அடுத்த வாரத் தேர்வாக அதை வைக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு, மன்னர்களையும் வாள்களையும் கேலிசெய்து 2006இல் வடிவேலு நடித்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கதைகள் எந்த அச்சில் வார்க்கப்படுகின்றன என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கிவிடும்.

நிறுத்துவதா, வைத்துக்கொள்வதா?

சந்தாவை நிறுத்தும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. பணம் கட்டுபவரும் பெற்றோரும் நீங்கள். ஆனால் அதன் விளைவுகளையும் பாருங்கள். மகன் அதே படங்களைக் கைப்பேசியில், தனியாக, துண்டு துண்டாக, சண்டைகளை மட்டும் வெட்டி எடுத்த காணொளிகளாகப் பார்ப்பான். கதையும் நகைச்சுவையும் தாத்தாவின் பேச்சும் போய், வெட்டு மட்டும் மிஞ்சும். 13 வயதில் ஒரு பையன் வாரந்தோறும் விரும்பி உட்கார்ந்து ஒரு முதியவரோடு பேசும் வீடுகள் இப்போது எத்தனை? அதை இழந்துவிட்டு மீண்டும் உண்டாக்குவது மிகக் கடினம்.

எனவே படங்களை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வடிகட்டுங்கள். வாளும் செருப்பும் இருக்கின்றன என்பதற்காக எல்லாம் ஒரே வகை ஆகிவிடாது. ‘கிளாடியேட்டர்’, ‘300’ போன்றவை பெரியவர்களுக்கான, வன்முறை மிகுந்த படங்கள். ரோமானிய அடிமைகளைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்கள் சிலவற்றில் பாலியல் காட்சிகளும் ஏராளம். திரையரங்குக்கு வரும் படத்துக்குத் தணிக்கை வாரியம் வயது வகை குறித்துத் தரும். வீட்டில் இணையவழிப் படச் சேவைக்கு நீங்கள்தான் பிள்ளைகளுக்கெனத் தனிக் கணக்கு அமைத்து, வயதுக் கட்டுப்பாட்டையும் கடவெண்ணையும் வைக்க வேண்டும். ஷிப்டுக்குப் போவதற்கு முன் ஐந்து நிமிட வேலை அது.

கணவரிடம் பேசும்போது படங்கள் கெட்டவை என்று தொடங்காதீர்கள். அந்த வாதத்தில் அவருக்கு விடை தயாராக இருக்கிறது. “படம்தானே” என்று அவர் சொல்வது பாதி உண்மை. தையலும் சோதனைத்தாளும் கண்ணாடியும் படத்துக்கு வெளியே நடந்தவை, அவற்றில் அப்பாவுக்கும் பங்கு இருக்கிறது என்று சொல்லுங்கள். மகனின் உடம்பைப் பற்றிய பேச்சை அவர் தொடங்குவதே பொருத்தம். லோரியில் ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்து அழைத்துப் போனால் போதும், நேருக்கு நேர் பார்க்காமல் பேசும்போது பையன்கள் அதிகம் பேசுவார்கள்.

மாமனாரிடம் குற்றச்சாட்டாகப் போகாமல் பொறுப்பு கொடுப்பதாகப் போங்கள். “மாமா, இவன் எங்க பேச்சைவிட உங்க பேச்சைத்தான் கேக்குறான். கம்பைத் தொட்டா அந்த வாரம் படம் கிடையாதுன்னு நீங்க சொன்னாத்தான் எடுபடும்” என்று சொல்லிப் பாருங்கள். விதியை அவரே காவல் காக்கும்போது அவருக்கு மதிப்பும் குறையாது, விதியும் நிற்கும். மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது ஷிப்டை மாற்றிக்கொண்டு நீங்களும் உட்காருங்கள். மகள் உங்கள் மடியில் உட்கார்ந்து கேட்கும் கேள்விகளுக்காகவாவது அது தேவை.

பள்ளியைப் பொறுத்தவரை, கட்டொழுங்கு ஆசிரியரோடு பேச்சு முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இடைநிலைப்பள்ளிகளில் வழிகாட்டி ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். சந்திக்க நேரம் கேட்டுப் போங்கள். அடிக்கோல் சண்டையை யார் தொடங்கினார்கள், மகன் யாராலாவது மிரட்டப்படுகிறானா, நண்பர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பெரிய பள்ளியில் அடிவாங்கும் பையன்களில் சிலர் வீட்டில் வாள் வீசுவதுண்டு. உங்கள் கடிதத்திலிருந்து அதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை, ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியம்.

வேண்டுமென்றே தங்கையையோ விலங்குகளையோ வலிக்கச் செய்வது, அடித்த பிறகு வருத்தமே இல்லாமல் இருப்பது, உடம்பை நினைத்து உணவைத் தவிர்ப்பது அல்லது மணிக்கணக்கில் உடற்பயிற்சி செய்வது, பள்ளிக்குப் போக மறுப்பது ஆகியவற்றில் ஏதேனும் சில வாரங்களுக்கு நீடித்தால், பதிவுபெற்ற ஆலோசகரையோ அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ நாடுங்கள். சுகாதார கிளினிக் மருத்துவரே பரிந்துரைக் கடிதம் தருவார். இப்போதைக்கு, முதல் வேலையாக இந்த வாரமே அத்தை வீட்டுக்குப் போய்வாருங்கள். ஆலோசக ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது அந்த வரலாற்றுச் சோதனைத்தாளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.